அரியமான் சவுக்குத் தோப்பில் பெயின்ட்பால்: ஒரு கபடி நடுவரின் மதிப்பீடு

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, அரியமான் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பு ஒன்றில் பெயின்ட்பால் மைதானம் இயங்கி வருகிறது. வண்ணம் நிரப்பிய சிறு குண்டுகளைக் கருவியால் சுட்டு எதிரணியினரை ஆட்டமிழக்கச் செய்யும் விளையாட்டு இது. பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் பார்க்க வருபவர்கள் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கி விளையாடிவிட்டுச் செல்லும் இடம் என்றே பெரும்பாலோர் இதனை அறிந்திருக்கிறார்கள். அந்த வகையில் இதைப் பாராட்டவும் குறை சொல்லவும் ஆட்கள் உண்டு. ஆனால் வார இறுதி மாலைகளில் இதே மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், இராமநாதபுரம் ஆகிய ஊர்களின் இளைஞர்கள் ஐந்தைந்து பேராக அணி சேர்ந்து ஆடுகிறார்கள். அவர்கள் ஆடுவது, எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், முறையான போட்டி விளையாட்டு. அதை நடத்தும் களமாக இந்த இடம் எவ்வளவு தேறுகிறது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

பல ஆண்டுகளாகக் கபடிக் களத்தில் நடுவராக நின்று வருவதால், புதிய விளையாட்டு எதைப் பார்த்தாலும் இதை நியாயமாக நடத்த முடியுமா என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும். இரு அணிக்கும் களம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கருவியில் ஏற்றத்தாழ்வு கூடாது. யார் ஆட்டமிழந்தார் என்பதை இரு தரப்பும் ஏற்கும்படி தீர்மானிக்க வழி இருக்க வேண்டும். கபடியையும் ஒரு காலத்தில் கோயில் திருவிழாவில் ஆடும் சடுகுடுதானே என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பாடிச் செல்பவருக்கு 30 வினாடி, மைதானத்துக்கு இன்ன நீளம் இன்ன அகலம் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வகுத்து, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாகச் சேர்த்த பிறகு அந்தப் பேச்சு குறைந்துபோனது. பெயின்ட்பாலும் அதுபோல விதிகளை ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டு வந்த விளையாட்டு என்பதால், அதைக் கபடிக்குக் காட்டும் அதே மரியாதையுடன் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துப்பாக்கி வடிவக் கருவியைப் பார்த்ததும் இதைச் சண்டை விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்தில் நின்றபடியே வண்ணக் குறி வைப்பதற்காக நெல்சன் பெயின்ட் நிறுவனம் 1970களில் விற்ற கருவி நெல்ஸ்பாட் 007. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊரை அடுத்த காட்டில், 12 பேர் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தை ஆடினார்கள். காட்டில் வெவ்வேறு இடங்களில் வைத்த கொடிகளைப் பிறரிடம் அடிபடாமல் திரட்டி வர வேண்டும் என்பது விதி. வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற வனத் தொழிலாளர். ஆட்டம் முழுவதிலும் அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எதிரி எங்கே பார்க்கிறான், எந்த வழி திறந்திருக்கிறது என்று கணித்து நடந்தே அவர் வென்றார். ஆட்டத்தின் சாரம் இன்றைக்கும் அதுதான்.

1990களில் காற்றடைத்த தடுப்புகள் வந்ததும் ஆட்டம் காட்டை விட்டு வெட்டவெளிக்கு வந்தது. முழுக் களத்தையும் பார்வையாளர் ஒரே பார்வையில் காணும்படி ஆயிற்று. புள்ளி எனப்படும் குறுஞ்சுற்றுகளாக அடுத்தடுத்து ஆடும் எக்ஸ்பால் முறை 2002இல் அறிமுகமானது. இப்போது அமெரிக்காவில் என்.எக்ஸ்.எல். என்ற லீக் இருக்கிறது. சான் டியேகோ டைனஸ்டி, எட்மன்டன் இம்பாக்ட் போன்ற அணிகளுக்குப் பயிற்சியாளரும் பயிற்சி அட்டவணையும் உண்டு. அடுத்த போட்டியின் தடுப்பு அமைப்பை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அணிகள் அதேபோல் களம் அமைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வருகின்றன.

அரியமான் மைதானத்தில் இரண்டு களங்கள் உள்ளன. தோப்புக்குள் இருப்பது பயணிகளுக்கானது. கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளங்கள், பனந்துண்டங்கள், தகர டிரம்கள் ஆகியவற்றின் பின்னே ஒளிந்து ஆடலாம். குடும்பத்துடன் வருபவர்களுக்கும் கல்லூரிச் சுற்றுலாக்காரர்களுக்கும் நல்ல பொழுதாகக் கழியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

கிழக்குக் களம் 150 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்டது. பெரிய லீக்குகளில் வழங்கும் அளவும் இதுவே. ஒரு பாதியில் தடுப்புகள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே மறுபாதியிலும் எதிர்முகமாக நிற்கின்றன. ஒரு பக்க ஓரத்தில் இடுப்பளவுகூட உயரமில்லாமல் தரையோடு நீண்டு கிடக்கும் வரிசைக்குப் பாம்பு என்று பெயர். எதிர் ஓரத்தில் டொரிட்டோ எனப்படும் கூம்புகள், நடுவே உருளைகளும் செங்கல் வடிவத் தடுப்புகளும். இவற்றைத் தரையில் ஆணியடித்து நிறுத்துவதுதான் வழக்கம் என்றாலும் இந்த மணலில் எந்த ஆணியும் பிடிக்காது என்பதால், ஒவ்வொரு தடுப்பின் அடியிலும் மணல் மூட்டையைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். கடற்காற்று வீசும்போதும் தடுப்பு நகராமல் நிற்கிறது. களத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு வலை கட்டியிருக்கிறார்கள். அது கிழிந்த இடங்களைப் படகுத்துறையில் வலை பொத்துபவர்களே வந்து நைலான் நூலும் ஊசியும் கொண்டு கண் பிசகாமல் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் எது என்று கையால் தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. குண்டின் குறுக்களவு 17 மில்லிமீட்டர்தான் என்பதால் இதில் சிறு அலட்சியமும் பார்வையாளரின் கண்ணுக்கு ஆபத்து. அந்தப் பொறுப்பை இவர்கள் உணர்ந்திருப்பது பாராட்டத்தக்கது.

ஆட்டம் தொடங்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐவரும் தங்கள் எல்லைப் பலகையில் கருவியின் முனையை வைத்து நிற்பார்கள். நடுவர் குரல் கொடுத்ததும் மூவர் பாம்புக்கும் கூம்புக்கும் நடுவுக்குமாகப் பாய்வார்கள்; மற்ற இருவரும் பின்னால் நின்று, எதிரணியினர் எந்த இடைவெளி வழியாக ஓடி வர வேண்டுமோ அந்த இடைவெளியைக் குறிவைத்து இடைவிடாமல் சுடுவார்கள். ஆளைப் பார்த்துச் சுடுவது இதில் கிடையாது. ஆள் வந்து சேரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். இந்த முதல் சில வினாடிகளில் ஓர் அணி ஒருவரை இழந்தால், மீதமுள்ள நால்வரும் ஐவர் காக்க வேண்டிய கோணங்களைக் காக்க வேண்டும். எங்கோ ஓர் இடம் திறந்துபோகும். அது எந்த இடம் என்பதை எதிரணி கண்டுபிடிக்கும் வேகம்தான் பெரும்பாலும் புள்ளியைத் தீர்மானிக்கிறது.

முன்வரிசையில் கிடப்பவர் தலையைத் தூக்க முடியாது. அவருக்குக் கண்ணாக இருப்பவர் பின்வரிசைக்காரர். கீழக்கரை அணி ஆடும்போது, "காக்கா, பாம்புல ஒருத்தன், நடுவுல யாருமில்ல!" என்ற குரல் களத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். (காக்கா என்பது அங்கே அண்ணனை அழைக்கும் சொல்.) எதிரணியில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மிச்சம் என்ற எண்ணிக்கையையும் இப்படியே உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எதிரணிக்கும் அது கேட்கும் என்பதால் சில அணிகள் தடுப்புகளுக்குத் தங்களுக்குள் வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன.

மண்டபம் அணியின் முன்வரிசையில் ஆடும் கல்லூரி மாணவி ஒருவரின் ஆட்டத்தை நான் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல் இருக்கலாம். பாம்பு வரிசைக்குள் முழங்கையை மணலில் ஊன்றி, கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தடுப்புக்குத் தடுப்பு ஊர்ந்து போனார். தலைக்கு ஒரு சாண் மேலே குண்டுகள் தடுப்பில் மோதி உடைந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து அணித்தலைவர், "நில்லு தங்கச்சி, நில்லு, இப்பப் போ!" என்று சொன்ன நொடியில் எழுந்து, எதிர்ப் பாதிக்குள் புகுந்து, முதுகைக் காட்டி நின்ற இருவர் மீதும் அடுத்தடுத்துக் குறி வைத்துவிட்டு, நேரே ஓடி எதிரணியின் எல்லையில் உள்ள மணியை அடித்து அந்தப் புள்ளியை வென்றார். கபடியில் எடைப் பிரிவு பார்க்கிறோம். இங்கே ஒல்லியான, குள்ளமான உடல் குறையாவதில்லை, ஒளிவதற்கு வசதியாகவே அமைகிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஒரே விதியின் கீழ் ஆடக்கூடிய போட்டிகளை நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நடுவராக என்னை மிகவும் ஈர்த்தது தீர்ப்பு வழங்கும் முறை. கபடியில் பாடிச் சென்றவரின் விரல்நுனி எதிராளி மேல் பட்டதா இல்லையா என்பதில் கைகலப்பு வரை போன ஆட்டங்களை நான் நடத்தியிருக்கிறேன். தொட்டதற்குத் தடயம் இருக்காது, நடுவர் சொல்தான் சாட்சி. பெயின்ட்பாலில் தடயம் சட்டையிலேயே இருக்கிறது. உடலிலோ கருவியிலோ குண்டு நேரடியாகப் பட்டு உடைந்து, நாணய அளவுக்குக் கறை இருந்தால் ஆட்டமிழப்பு. உடையாமல் தெறித்துப் போனால் கணக்கில்லை. பக்கத்துத் தடுப்பில் உடைந்து மேலே சிதறியதும் கணக்கில்லை. அடிபட்டவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தானாகவே வெளியேற வேண்டும். கறையைத் துடைத்துவிட்டு ஆடுபவர்களும், அடிபட்டது தெரிந்தும் தொடர்பவர்களும் தாங்கள் வெளியேறுவதோடு தங்கள் அணியின் இன்னொருவரையும் சேர்த்து இழக்கச் செய்கிறார்கள். ஒருவரின் நேர்மையின்மைக்கு அணி முழுவதும் விலை கொடுக்கும் இந்தத் தண்டனை முறை நம் கபடிக்கும் வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஆட்டத்தின் நடுவே, தரையில் கிடந்த ஓர் ஆட்டக்காரரின் முதுகுப் பக்கம் நடுவர் குனிந்து, குண்டுக்கூடையின் ஓரத்திலிருந்த மஞ்சள் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்து, தொடர்ச்சியான கறை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, "சிதறல்தான், ஆடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சுற்றிலும் குண்டுகள் பறந்துகொண்டிருக்கையில் இந்தச் சோதனையைப் பதறாமல் செய்வது எளிதல்ல. இந்த மைதானத்தின் நடுவர்கள் அந்த நிதானத்தைக் கற்றிருக்கிறார்கள். ஆனால் ஐவர் அணி ஆட்டத்துக்கு மூன்றே நடுவர்கள் என்பது போதவே போதாது. இரு ஓரங்களையும் இருவர் பார்த்துக்கொள்ள, நடுப்பகுதியையும் இரண்டு எல்லைகளையும் ஒருவரே கவனிக்க வேண்டியிருக்கிறது. பாம்பு வரிசைக்கு மட்டும் பக்கத்துக்கு ஒருவர் வேண்டும். குறைந்தது ஐந்து நடுவர்கள் இல்லாமல் பரிசுப் போட்டி எதையும் இங்கே நடத்தக் கூடாது.

இனி, இந்த மைதானத்தின் பெருங்குறைக்கு வருகிறேன். பெயின்ட்பால் குண்டின் ஓடு ஜெலட்டினால் ஆனது. மருந்துக் கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரை எப்படியோ அப்படித்தான், அதே தொழில்நுட்பத்தில்தான் இதையும் செய்கிறார்கள். உள்ளே இருப்பது நீரில் கரையும் வண்ணக் கலவை, துணியில் பட்டால் துவைத்ததும் போய்விடும். ஆனால் ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். காற்றில் ஈரம் மிகுந்த நம் கடற்கரையில் பெட்டியைத் திறந்து வைத்தால் குண்டு வீங்கி, பிசுபிசுத்து, உருண்டை வடிவம் மாறிப்போகும். அப்படிப்பட்ட குண்டு குழாய்க்குள்ளேயே உடையும். உடைந்தால் குழாய் முழுவதும் வண்ணம் படிந்து, அடுத்து வரும் குண்டுகள் எங்கோ வளைந்து போகும். துடைப்பானைச் செருகி இழுத்துச் சுத்தம் செய்யும் வரை அந்த ஆட்டக்காரர் களத்தில் வெறும் இலக்கு மட்டுமே. குளிர்ந்த, ஈரமற்ற அறையில், மூடிய பைகளில் குண்டுகளை வைத்திருக்க வேண்டிய இவர்கள், பிற்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சீட்டுக் கொடுக்கும் மேசையில் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். அன்று முதல் ஆட்டம் ஆடிய அணிகளுக்கு நல்ல குண்டும், மாலையில் ஆடியவர்களுக்கு வீங்கிய குண்டும் கிடைத்தன. என் கையில் எடுத்துப் பார்த்த குண்டு ஒன்று, தையல் ஓரத்தில் பிதுங்கி, விரலில் ஒட்டியது. தங்கச்சிமடம் அணி ஒரே புள்ளியில் இரண்டு கருவிகளை இழந்து தோற்றது இதனால்தான். கருவியில் சமநிலை இல்லாத இடத்தில் வெற்றிக்குப் பொருளில்லை. நிர்வாகம் உடனே ஒரு சிறிய குளிர்சாதன அறைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

குண்டின் வேகத்தைச் சோதிப்பதில் மட்டும் இவர்களைக் குறை சொல்ல இடமில்லை. போட்டிகளில் வினாடிக்கு 300 அடி என்பதே வழக்கமான உச்ச வரம்பு. அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். குண்டின் எடை ஏறக்குறைய 3 கிராம்தான் என்பதால் பட்டால் சுளீரென்று வலித்துச் சில நாள் தடிப்பு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வரம்பைத் தாண்டினால் காயமாகும் என்பதால், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஒவ்வொரு கருவியையும் வேகம் அளக்கும் கருவியின் முன் சுடச் செய்து, 280க்கு மேல் காட்டினால் குறைத்த பிறகே களத்துக்குள் விடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் அழுத்தம் வெயிலுக்கு ஏற்ப ஏறியிறங்கும். காலையில் சரியாக இருந்த வேகம் மதியம் எகிறிவிடும். இங்கே அழுத்தமூட்டிய காற்றுச் சிலிண்டர்களையே பயன்படுத்துவது நம் வெயிலுக்கு மிகச் சரியான முடிவு.

வாடகைக்குத் தரும் முகக்கவசங்கள் ஒற்றைக் கண்ணாடி கொண்டவை. ஓடியாடி வியர்த்ததும் உள்ளே ஆவி படிந்து எதிரே நிற்பவர் தெரியாமல் போகிறார். களத்துக்குள் எக்காரணம் கொண்டும் கவசத்தைக் கழற்றக் கூடாது என்ற விதி கண்ணைக் காப்பது. அதில் இவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை, யாராவது நெற்றிக்கு மேலே தூக்கினால் அந்த நொடியே ஆட்டம் நிற்கிறது. ஆகவே தொடர்ந்து ஆட விரும்புபவர்கள் பெயின்ட்பால் கண்காப்புக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 தரச் சான்றுள்ள இரட்டைக் கண்ணாடிக் கவசம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. கருவியை வாடகைக்கு எடுத்தால் போதும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு எடை குறைந்த குண்டு, கடலோரக் காற்றில் நேராகப் போகாது. வாடைக்காலத்தில் கடல் பக்கமிருந்தும், கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் நிலப் பக்கமிருந்தும் காற்று களத்தின் குறுக்கே அடிக்கிறது. அணிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கம் மாறி ஆடுவதால் பாதிப்பு இருவருக்கும் சமமாகிறது. கடலுக்குப் போய் வரும் குடும்பத்துப் பிள்ளைகள் காற்றின் போக்கைக் கணித்து, இலக்குக்கு ஒரு முழம் தள்ளிக் குறிவைப்பதை இங்கே பார்க்கலாம். உள்ளரங்கில் பழகிய பெருநகர அணிகள் வந்தால் இதில் திணறும் என்று நினைக்கிறேன்.

செலவு இந்த விளையாட்டுக்கு உண்மையான தடை. 50 குண்டுகளுடன் ஒருவருக்கு 500 ரூபாய் என்பது பயணிகளுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஒரே மாலையில் சில நூறு குண்டுகளைச் செலவழிக்கும் அணிக்கு அது கட்டுப்படியாகாது. 2,000 குண்டுகள் கொண்ட பெட்டியை அணிகள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ள நிர்வாகம் அனுமதிப்பதால்தான் இவர்களால் ஆட முடிகிறது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுட வேண்டிய பம்ப் வகைக் கருவிகளில் சிலவற்றையாவது வாங்கி, தொடக்க நிலை அணிகளுக்கு அதிலேயே போட்டி வைத்தால் குண்டுச் செலவு வெகுவாகக் குறையும். குறிபார்த்துச் சுடும் பழக்கமும் வரும். பம்ப் ஆட்டம் பெயின்ட்பாலில் பழைய, மதிப்புள்ள மரபு. மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் இருக்கும் கடலோரத்துப் பையன்களுக்கு அந்த இரண்டு மாதமும் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விதிமுறைப் பலகை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி நுழைவாயிலில் வைத்தால், பார்க்க வரும் பெற்றோருக்கும் ஆட்டம் புரியும். பிள்ளையை அனுப்பும் தயக்கமும் குறையும்.

வர விரும்புபவர்கள் இராமேசுவரம் பேருந்தில் வந்து உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தை மூடிவிடுகிறார்கள். தை, மாசி மாதங்களே ஆடுவதற்கு ஏற்றவை. முழுக்கைச் சட்டையும், மணலில் வழுக்காத காலணியும் அவசியம். பார்வையாளராக வந்தால் வலைக்கு வெளியே பாம்பு வரிசைப் பக்கம் உள்ள மண்மேட்டில் நில்லுங்கள். அங்கிருந்துதான் ஆட்டத்தின் போக்கு முழுதாகத் தெரியும். அணியாக வருபவர்கள் கிழக்குக் களம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தோப்புக் களத்துக்குத்தான் சீட்டுக் கொடுப்பார்கள். காலை ஆட்டத்தையே கேட்டு வாங்குங்கள். குண்டுப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.